காற்புள்ளிக்குக் காவல், மேற்கோளின் உண்மைக்கு யார் காவல்?

இந்திய ஆய்வுலகில் ஒரு கட்டுரை திருப்பி அனுப்பப்படுவதற்கு அதன் கருதுகோள் பிழையாக இருக்க வேண்டியதில்லை. ஆண்டை அடைப்புக்குறிக்குள் இடாததும், இதழின் பெயரைச் சாய்வெழுத்தில் தராததும் போதும். மதிப்பீட்டாளரின் பார்வைக்கே போகாமல், மேற்கோள் பட்டியல் நெறிமுறைப்படி இல்லை என்ற ஒற்றை வரியுடன் அது திரும்பி வருகிறது. ஆய்வாளர் அறுபது பதிவுகளையும் திருத்தி மீண்டும் அனுப்புகிறார். பிறகு அந்த இதழ் வேறு காரணத்தால் மறுத்துவிட்டால், அடுத்த இதழுக்காக அதே அறுபது பதிவுகளையும் கலைத்து மறுபடி அடுக்குகிறார். இந்த வேலைக்கு ஆய்வு என்று பெயர் சூட்டுவது ஆய்வை இழிவுபடுத்துவதாகும்.

மேற்கோள் முறைகள் காலந்தோறும் மாறிவந்த ஏற்பாடுகள். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தரும் வழக்கம், ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குவதாகக் கூறுவர். சிகாகோ கையேடு 1906இல் வந்தது. ஏ.பி.ஏ. முறை 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகப் பிறந்தது. மருத்துவ இதழாசிரியர்கள் 1978இல் வான்கூவரில் கூடியதன் நோக்கமே, தங்கள் இதழ்களுக்கு வரும் கட்டுரைகளுக்கு ஒரு பொது வடிவம் காண்பதுதான். அந்த நோக்கம் இன்று தலைகீழாகிவிட்டது. மேற்கோள் மென்பொருள்கள் பயன்படுத்தும் பொதுக் களஞ்சியத்தில் இப்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாணிகள் உள்ளன. 2019இல் வெளியான ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு, நூல் வெளியான ஊரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதுவரை ஊர்ப்பெயர் இல்லாவிட்டால் பிழை; அதன்பின் ஊர்ப்பெயர் இருந்தால் பிழை. இரண்டு காலத்திலும் அறிவுக்கு எந்த இழப்பும் நேரவில்லை.

இழப்பு நேரத்தில்தான். 2019இல் பிளாஸ் ஒன் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, கட்டுரைகளை இதழ்களின் வடிவத்துக்கு மாற்றுவதில் ஆய்வாளர்கள் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டது. கட்டுரை ஒன்றுக்கு 14 மணி நேரம், ஆண்டுக்கு 52 மணி நேரம் என்பது அதில் கிடைத்த இடைநிலை அளவு. ஆய்வு உதவியாளர்களும் நிதியும் உள்ள துறைகளில் இச்சுமை பகிரப்படலாம். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் ஆய்வு மாணவரும், நாள் முழுதும் வகுப்பெடுத்துவிட்டு இரவில் எழுதும் கல்லூரி ஆசிரியரும் அதைத் தனியாகச் சுமக்கிறார்கள். இயலாதவர்கள் பல்கலைக்கழக வாயிலருகே உள்ள தட்டச்சு நிலையங்களில் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டுகிறார்கள்.

இந்த உழைப்பால் பயன்பெறுவோர் யார்? இந்திய அரசு, ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தின் கீழ் 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாயை 30 பதிப்பகங்களின் இதழ்களுக்காக ஒதுக்கியுள்ளது. கட்டுரையை எழுதியவர் ஊதியம் பெறுவதில்லை, மதிப்பிட்டவரும் பெறுவதில்லை. அச்சுக்கோப்பவரின் வேலையையும் ஆய்வாளரே இலவசமாகச் செய்து தர வேண்டும் என்பது எந்த நியாயம்? எல்சவியரின் பல இதழ்களே, முதல் சமர்ப்பிப்பில் ஒரே சீராக இருந்தால் எந்த மேற்கோள் பாணியும் போதும் என்று ஏற்றுக்கொண்டுவிட்டன. வணிகப் பதிப்பகம் தளர்த்திய விதியை, துறைசார் சிற்றிதழ்களும் பல்கலைக்கழக ஆய்விதழ்களும் இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பது வேடிக்கை.

இது ஒழுங்கைக் கற்பிக்கும் பயிற்சி என்று நெறியாளர்கள் சிலர் வாதிடுவர். காற்புள்ளியில் கவனமாக இருப்பவர் தரவிலும் கவனமாக இருப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு எதிரான சான்று பழையது. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல், மேற்கோள்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரே அச்சுப்பிழைகளைப் பின்தொடர்ந்தனர். தவறான தொகுதி எண்ணும் பக்க எண்ணும் ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகலாகியிருந்தன. மேற்கோள் காட்டுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படித்திருப்பார் என்று அவர்கள் மதிப்பிட்டனர். அந்தப் பிழைகள் யாவும் இதழாசிரியர்களின் கண்ணைக் கடந்தே அச்சேறின.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் அந்த வாதத்துக்கு எஞ்சியிருந்த வலுவும் போய்விட்டது. 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகள் முறையான வடிவில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இல்லாத ஒன்றுக்கு ஆண்டும் தொகுதியும் பக்கமும் பிசகாமல் அமைத்துத் தர இன்று ஒரு நிமிடம் போதும். ஆகவே வடிவத்தின் நேர்த்தி இனி உழைப்புக்கும் நேர்மைக்கும் சான்றாகாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள், ஒப்புமைச் சோதனையிலிருந்து துணைநூற்பட்டியலை விலக்குகின்றன. அது சரியான விலக்கே. ஆனால் அதன் விளைவைப் பார்க்க வேண்டும். ஆய்வேட்டின் உடற்பகுதியை மென்பொருள் சோதிக்கிறது. பட்டியலின் நிறுத்தற்குறிகளை அலுவலகம் சோதிக்கிறது. பட்டியலில் உள்ள நூல் இருக்கிறதா, சொல்லப்பட்ட பக்கத்தில் சொல்லப்பட்ட கருத்து இருக்கிறதா என்று சோதிப்பது யாருடைய பொறுப்பிலும் இல்லை.

இவ்வடிவங்கள் இந்தியப் பெயர்களுக்கு இழைக்கும் அநீதி தனி. குடும்பப் பெயர் முதலில், இயற்பெயர் தலைப்பெழுத்தாக என்ற விதி ஐரோப்பியப் பெயர்களுக்காக ஆனது. முத்துலட்சுமி என்ற ஆய்வாளரின் தந்தை பெயர் கருப்பசாமி என்று கொண்டால், இணையப் படிவம் அவரைக் கருப்பசாமி, மு. என்று பதிகிறது. ஆய்வு வரியொன்றும் எழுதாத தந்தை மேற்கோளில் ஆசிரியராகிறார். பத்தாண்டு உழைத்த மகள் ஓர் எழுத்தாகச் சுருங்குகிறாள். ஒரு கட்டுரை தந்தை பெயரிலும் மற்றொன்று தன் பெயரிலும் பதிவானால், மேற்கோள் எண்ணிக்கை இருவராகப் பிரிந்து, பதவி உயர்வுக் கணக்கிலும் குறைகிறது. இந்தியப் பெயர்களை அட்டவணையில் பதிவது எப்படி என்று விரிவாக ஆராய்ந்த எஸ். ஆர். ரங்கநாதனின் நாடு இது. அவர் பெயரிலேயே ஊர் ஒன்று, தந்தை பெயர் ஒன்று, தன் பெயர் ஒன்று. நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கக் கோருகிறது. ஆய்வாளரின் நேரத்துக்கு அந்த மரியாதை ஏன் இல்லை?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதல் சமர்ப்பிப்பில் எந்த ஒரு சீரான பாணியையும் இதழ்கள் ஏற்கட்டும். வடிவ மாற்றம் கட்டுரை ஏற்கப்பட்டபின் நடக்கட்டும். தனக்கென ஒரு பாணி வேண்டும் என்னும் இதழ், ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் இயங்கும் பாணிக் கோப்பைத் தானே வழங்கட்டும். ஆசிரியர் தன் பெயரை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே பதியட்டும். வாய்மொழித் தேர்வில் பட்டியலிலிருந்து ஐந்து பதிவுகளைத் தேர்வாளர் எடுத்து, மூலத்தைக் காட்டச் சொல்லி, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கட்டும்.

மேற்கோள் என்பது முன்னோர்க்குச் செலுத்தும் கடன். பின்வருவோர்க்குக் காட்டும் வழி. கடனைச் சரியான ஆளிடம் செலுத்தியிருக்கிறாரா, வழி உண்மையில் ஊருக்குப் போகிறதா என்று கேட்பதே இதழாசிரியரின் கடமை. அதைக் கேட்காத இதழுக்குக் காற்புள்ளியைப் பற்றிக் கேட்கும் தகுதி இல்லை.