சுவாமியார் இல்லாத கோயில்

ராமேசுவரம் போய் வந்த நேயர்கள் தனுஷ்கோடி முனையில் நின்று, கிழக்கே கண்ணை இடுக்கிப் பார்த்திருப்பீர்கள். நீலக் கடலும் நடு நடுவே மணல் திட்டுகளும்தான் தெரியும். அந்தத் திட்டுகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு போனால் சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். 1914-ல் தொடங்கி 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கும் வரையில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கப்பல் ஓடிற்று. நம் பாட்டனார்களில் பலர் கொழும்புக்கு மூட்டை கட்டியது அந்த வழியாகத்தான். ஆனால், தலைமன்னாரில் இறங்கி ரயிலேறியவர்களில், அந்த ரயில் கடந்து சென்ற தீவு எப்பேர்ப்பட்டது என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள் சொற்பமே.

மன்னார்த் தீவு பெரிதல்ல. ஒரு கோடியில் விடியற்காலை நடக்கத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் மறு கோடியை எட்டிவிடலாம். பனைமரம், மணல், வீதியில் சுதந்திரமாகத் திரியும் கழுதைகள், அரபு வியாபாரிகள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பருத்த பெருக்க மரம் - இவ்வளவுதான் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பேசாலை, தோட்டவெளி, தலைமன்னார் என்று ஊருக்கு ஊர் மாதா கோயில் மணி கேட்கும். அந்த மணியோசைக்குப் பின்னால் நாலரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது.

கதை நம்முடைய முத்துக்குளித்துறையில் ஆரம்பமாகிறது. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் தூத்துக்குடிப் பக்கம் வந்து பரவர்களிடையே பணி செய்துகொண்டிருந்தார். சேதி கடல் தாண்டிப் போயிற்று. எங்களிடமும் வாருங்கள் என்று மன்னாரிலிருந்து அழைப்பு வந்தது. சவேரியாரால் இந்தக் கரையை விட்டு நகர முடியவில்லை. வேறொரு குருவை அனுப்பி வைத்தார். கடலை நம்பிப் பிழைத்த எளிய ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள்.

மன்னார் அப்போது யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆளுகையில் இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற மீனவன் நாளைக்குப் போர்த்துக்கல் ராஜாவின் குடியாகிவிடுவான், அவனுக்குப் பின்னால் பீரங்கிக் கப்பல் வரும் என்று சங்கிலி கணக்குப் போட்டான். அந்தக் கணக்கு அடியோடு தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால், அதற்கு அவன் கண்ட பரிகாரம் கொடூரமானது. 1544-ல் படையோடு தீவுக்கு வந்து, புது மதத்தை விட்டுவிடும்படி கட்டளையிட்டான். அவர்கள் மறுத்தார்கள். அறுநூறு, எழுநூறு பேர் வெட்டப்பட்டதாகச் சரித்திரம் சொல்கிறது. அவர்கள் வேதத்தைக் கற்றது எத்தனை காலம் என்று எண்ணிப் பாருங்கள், சில மாதங்கள்தாம்! ஒரு செபத்தைத் தடங்கலில்லாமல் சொல்லத் தெரிந்திருக்குமோ, என்னவோ.

மறு வருஷம் ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் இதைக் குறிப்பிடுகிறார். சங்கிலியைத் தண்டிக்க வேண்டும் என்று போர்த்துக்கீசியரிடமும் மன்றாடினார். படையெடுப்புக்கு ஏற்பாடு நடந்தது. அந்தச் சமயம் பார்த்து, விலையுயர்ந்த சரக்கோடு பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி நின்றது. சரக்கு சங்கிலியின் கையில்! அதை மீட்பதா, அறுநூறு மீனவர்களுக்காகச் சண்டை போடுவதா? நேயர்கள் ஊகித்துக்கொள்வீர்கள். படை புறப்படவில்லை.

போர்த்துக்கீசியர் வந்து தீவைப் பிடித்தது 1560-ல். கோட்டை கட்டினார்கள், கோயில்கள் கட்டினார்கள், புன்னைக்காயலிலிருந்து பரவர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். தீவுக்கு எதிர்க்கரையான மாந்தையில் பாடல் பெற்ற திருக்கேதீசுவரம் இடிந்ததும், அதன் கற்கள் மன்னார்க் கோட்டைச் சுவருக்குப் போயின என்று ஊரார் சொல்வதும் இந்தக் காலத்தைச் சேர்ந்தவைதாம். சங்கிலியின் வாளைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

ஆனால், என்னைக் கேட்டால் மன்னார்க் கத்தோலிக்கரின் உண்மையான பரீட்சை வாளும் கோட்டையும் அல்ல. அதற்குப் பின்னால் வந்த மௌனம்தான். 1658-ல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆனால் சீர்திருத்த சபையார். கத்தோலிக்கக் குருக்களை நாடு கடத்தினார்கள். ஒளித்து வைத்து அடைக்கலம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று பறை சாற்றினார்கள். கோயில்கள் அவர்களுடைய பிரசங்க மண்டபங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. பிறப்பும் கல்யாணமும் அங்கேதான் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சொத்துரிமை கிடையாது.

பிறகு என்ன ஆயிற்று? பகலில் போய்ப் பதிவு செய்துகொண்டார்கள். இரவில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். குரு இல்லாத ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி, உரிய வார்த்தைகளைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். அந்தச் சட்டம் அவர்களைக் காப்பாற்றிற்று. ஊர் மூப்பரும் உபதேசியாரும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், சாகக் கிடப்பவருக்குச் செபம் சொன்னார்கள், பாட்டிமார் பேரன் பேத்திகளுக்கு மந்திரங்களைக் கற்றுக்கொடுத்தார்கள். பூசைதான் இல்லை.

இருபத்தொன்பது வருஷங்கள் கழித்து, 1687-ல், கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் சுவாமியார் கூலியாளைப் போல வேஷமிட்டு இலங்கை வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலை தெரிய வீடு வீடாகப் பிச்சைக்குப் போவாராம். மாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மலர்கிறதோ, அதுதான் நம் வீடு என்று கண்டுகொள்வாராம். அவருக்குத் துணையாக 1705-ல் யாக்கோமே கொன்சால்வெஸ் வந்தார். அவர் கரையேறிய இடம் தலைமன்னார். கொங்கணி பேசும் இவர் தமிழ் கற்று 'வியாகுலப் பிரசங்கம்' எழுதினார். தபசு காலத்தில் அதை ஒப்பாரி போல் இழுத்து வாசிப்பார்கள். வாசிக்கச் சுவாமியார் வேண்டியதில்லை; குரல் வளமுள்ள மீனவர் ஒருவர் போதும். குருவில்லாத கோயிலுக்கு இதைவிட ஏற்ற புஸ்தகம் வேறென்ன இருக்க முடியும்? பேசாலையில் உடக்கு என்னும் பாவைகளைக் கொண்டு நடத்திய பாஸ்கு பேர் பெற்றது.

ஒளிந்து வாழ முடியாதவர்கள் காட்டுக்குள் போனார்கள். மாந்தைக் கோயிலிலிருந்த மாதா சுரூபத்தை 1670-ல் இருபது குடும்பங்கள் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டில் புகுந்ததாக வரலாறு. அப்படி உண்டானதுதான் இன்று லட்சக்கணக்கானோர் கூடும் மடு. ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தபின், 1806-ல் மெய்ட்லண்ட் கவர்னர் கத்தோலிக்கருக்குப் பூரண சுதந்திரம் கொடுத்தார். தடை போட்டு 148 வருஷங்கள் கழித்து! மதம் அழிந்திருந்தால் சுதந்திரம் யாருக்கு?

1981-ல் மன்னாருக்கென்று தனி மறைமாவட்டமும் ஆயரும் வந்தாயிற்று. ஆனால் அதற்குள் உள்நாட்டுப் போர் வாசலுக்கு வந்துவிட்டது. 2006 ஜூனில் பேசாலை வெற்றிநாயகி கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்திருந்த ஜனங்கள் மேல் குண்டு வீசப்பட்டது. ஒரு பெண்மணி உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். 2008 ஏப்ரலில் ஷெல் வீச்சு நெருங்கியபோது மடு மாதாவின் சுரூபத்தைக் குருக்கள் மறுபடியும் தூக்கிக்கொண்டு கடற்கரையோரத் தேவன்பிட்டிக்குப் போக நேர்ந்தது. ஆகஸ்டில் திரும்பி வந்தது.

2015 ஜனவரி 14 அன்று பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்பில் யோசேவ் வாஸ் சுவாமியாரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அன்று பிற்பகலே ஹெலிகாப்டரில் மடுவுக்கு வந்தார். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் கூட்டத்தில் நிரம்ப இருந்தார்கள். மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் சுமந்து வந்த அந்தச் சுரூபத்தைக் கைகளில் ஏந்தி அவர்களை ஆசீர்வதித்தார்.