ஊர் சுற்றிக் காட்ட 500 ரூபாய்தானாம்! மீதிப் பணம் யார் தலையில்?

சென்னை எழும்பூர் ஸ்டேஷன் வாசல். விடிந்தும் விடியாத நேரம். தெற்கே இருந்து வந்த ரயிலில் இறங்குகிறது ஒரு குடும்பம். பெரியவர்கள் 4 பேர், சின்னப் பிள்ளைகள் 2 பேர். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் நாலு பேர் சூழ்ந்து கொள்கிறார்கள்.

"சார், மெட்ராஸ் பூரா சுத்திக் காட்றேன். பீச்சு, கோயிலு, கோட்டை, அல்லாம். 500 குடு, போதும்!"

500 ரூபாய்க்கு அரை நாள் ஊர் சுற்றல்! கேட்பவருக்கு வாய் பிளந்து விடும். ஆனால் இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் ஆட்டோ கணக்கு. அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்த மீட்டர் கட்டணம், முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய். பிறகு கிலோ மீட்டருக்கு 12 ரூபாய். காத்திருந்தால் 5 நிமிஷத்துக்கு 3 ரூபாய் 50 காசு. எழும்பூரில் ஏறி கோட்டை, கடற்கரை, மயிலை கோயில், சாந்தோம், பெசன்ட் நகர் என்று 20 கிலோ மீட்டர் சுற்றினால் ஓட்டத்துக்கு 243 ரூபாய் 40 காசு. 4 மணி நேரம் காத்திருந்ததற்கு 168 ரூபாய். மொத்தம் 411 ரூபாய் 40 காசு!

இந்தக் கட்டணத்துக்கு எந்த டிரைவரும் வரமாட்டார் என்பது ஊரறிந்த ரகசியம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2021-ல் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. வாடகை வண்டி ஓட்டுகிறவர் சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதலாளிக்கு நாள் வாடகை கட்டியாக வேண்டும். 2025 பிப்ரவரியில் தொழிற்சங்கங்கள் தாங்களாகவே முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 50 ரூபாய், அப்புறம் கிலோ மீட்டருக்கு 18 ரூபாய் என்று அறிவித்தன. அதை அரசு ஏற்கவில்லை. சங்கக் கணக்குப்படி அதே 20 கிலோ மீட்டருக்கு ஓட்டம் மட்டுமே 377 ரூபாய் 60 காசு. காத்திருப்பு தனி.

அப்படியானால் 4 மணி நேரம் காத்திருந்து 500 ரூபாய்க்கு ஓட்டுகிறவருக்கு என்ன மிச்சம்? அதுவும் ஆட்டோவில் 3 பேர்தான் போகலாம். 6 பேர் என்றால் சட்டப்படி இரண்டு வண்டி!

கடை வாசலில் மர்மம்

விடை கடை வாசலில் இருக்கிறது. "அஞ்சே நிமிஷம் சார், வாங்கவே வேணாம், சும்மா பாருங்க" என்று வண்டி ஒரு கைவினைப் பொருள் கடை முன்னால் நிற்கும். ஆளை உள்ளே அழைத்துப் போனதற்கு ஒரு காசு, சாமான் விற்றால் விலையில் ஒரு பங்கு. இது பல ஊர்களில் பல காலமாக நடக்கும் வியாபாரம்தான். அந்தப் பங்கைக் கடைக்காரர் தன் லாபத்தில் இருந்தா கொடுக்கப் போகிறார்? பட்டுப் புடவை விலையிலும் பொம்மை விலையிலும் ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கிறார். ஆட்டோவில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்.

அடி விழுவது வாங்குகிறவருக்கு மட்டுமல்ல. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெருவோரப் பட்டறையில் வெயிலில் உட்கார்ந்து உளி தட்டுகிற சிற்பி கமிஷன் தரவில்லை என்றால், வண்டி அவர் பட்டறையைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறது.

2,200 பெரிதா, 2,800 பெரிதா?

மாமல்லபுரம் போக கார் பிடிக்கிறவர்கள் ஏமாறுவது வேறு விதம். டிராவல்ஸ்காரர்கள் 8 மணி நேரம் 80 கிலோ மீட்டர், 10 மணி நேரம் 100 கிலோ மீட்டர் என்று 'பேக்கேஜ்' சொல்வார்கள். ஒருவர் 8 மணிக்கு 2,200 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 10 மணிக்கு 2,800 கேட்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கூடுதல் கிலோ மீட்டருக்கு 15 ரூபாய், கூடுதல் மணிக்கு 200 ரூபாய். நம்மவர் எதைப் பிடிப்பார்? கண்ணை மூடிக் கொண்டு 2,200!

எழும்பூரில் இருந்து போய்த் திரும்ப சுமார் 120 கிலோ மீட்டர். அத்தோடு ஷெட்டில் இருந்து புறப்பட்டு ஷெட்டுக்குத் திரும்பும் தூரமும் நேரமும் நம் கணக்கிலேயே ஏறும். அதற்கு 10 கிலோ மீட்டர் போடுங்கள். காலை 7 மணிக்கு ஷெட்டை விட்ட வண்டி மாலை 6 மணிக்குத் திரும்புகிறது. 11 மணி நேரம், 130 கிலோ மீட்டர்.

2,200 ரூபாய் வண்டிக்கு 50 கிலோ மீட்டர் கூடுதல், 750 ரூபாய். 3 மணி கூடுதல், 600 ரூபாய். ஆக 3,550. 2,800 ரூபாய் வண்டிக்கு 30 கிலோ மீட்டர் கூடுதல், 450 ரூபாய். ஒரு மணி கூடுதல், 200 ரூபாய். ஆக 3,450. மலிவு என்று பிடித்த வண்டி 100 ரூபாய் அதிகம்!

இதற்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலை டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா. "வெளியூர் ரேட்" என்று பேசினால் வேறு வம்பு. ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோ மீட்டர் என்று போட்டு விடுவார்கள். ஓடியது 130, காசு 250-க்கு.

ஒருவர் இருவராக வருகிறவர்களுக்குக் கார் தேவையே இல்லை. வாலாஜா சாலை சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பஸ்ஸில் தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு ஏறி உட்காரலாம்.

நம்பர் பிளேட்டையும் பார்க்க வேண்டும். வாடகைக் கார் என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு. "நம்ம வண்டிதான் சார், 500 கம்மி" என்று வெள்ளைப் பலகைக் காரில் ஏற்றிக் கொண்டு போய் வழியில் விபத்து நடந்தால், வாடகைக்கு விட்ட வண்டி என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யும். 500 மிச்சம் பிடித்தவர் கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டும்.

டிரைவர் வேறு, கைடு வேறு

"நானே எல்லாம் சொல்லிடுவேன், கைடு எதுக்கு?" என்பது அடுத்த பேச்சு. வழி தெரிந்த டிரைவருக்குக் கதையும் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஐந்து ரதம் பாண்டவர்கள் கட்டிய வீடு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவை 7-ம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செதுக்கியவை, பாண்டவர் பெயர் பின்னால் வந்து ஒட்டிக் கொண்டது என்பதைச் சொல்ல கைடு வேண்டும். அர்ஜுனன் தபசில் தவம் செய்யும் பூனையைச் சுட்டிக் காட்ட ஆள் இல்லாமல் திரும்பும் பிள்ளைகள் எத்தனையோ!

சுற்றுலாத் துறை அங்கீகாரம் பெற்ற கைடிடம் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை இருக்கும். கூலி தலைக்கு அல்ல, குழுவுக்கு. அரை நாளா, முழு நாளா என்று முதலிலேயே பேசிக் கொள்ளலாம். 6 பேர் பகிர்ந்தால் பெரிய சுமை இல்லை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், இந்தியருக்கு 40 ரூபாய். 15 வயதுக்குக் கீழே இலவசம். இந்தக் குடும்பத்துக்கு 160 ரூபாய்தான். அர்ஜுனன் தபசை ரோட்டில் நின்றே பார்க்கலாம். "எல்லாத்துக்கும் டிக்கெட் எடுத்துத் தர்றேன், தலைக்கு 100" என்று யாராவது கை நீட்டினால் நகர்ந்து விடுவது நல்லது.

சென்னைக்குள்ளும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை கோட்டை மியூசியமும் லீவு, எழும்பூர் மியூசியமும் லீவு. மயிலை கபாலீசுவரர் கோயில் நடை மதியம் சாத்தி, 4 மணிக்கு மேல்தான் திறக்கும். இது தெரிந்த கைடு வண்டியை அதற்கேற்ப விடச் சொல்வார். தெரியாதவரோடு போனால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வரலாம். தெரிந்தும் வாயைத் திறக்காத ஆசாமிகளும் உண்டு. கோயில் திறக்கும்வரை எங்கேயாவது பொழுதைப் போக்க வேண்டுமே. கடை எதற்கு இருக்கிறது!

காலையில் 2,800 கேட்ட டிரைவர் என்ன ஆனார்? டோல் எவ்வளவு, பேட்டா எவ்வளவு, எத்தனை மணிக்கு மேல் கூடுதல் என்று எல்லாவற்றையும் முன்னாடியே சொன்னவர் அவர்தான். சொன்னதைக் கேட்டதுமே அந்தக் குடும்பம் அடுத்த வண்டியில் ஏறிவிட்டது. மதியம் வரை சவாரி இல்லாமல், வண்டியை ஸ்டேஷன் ஓரமாகப் போட்டுவிட்டுப் பேப்பரை விசிறியாக்கி உட்கார்ந்திருக்கிறார்.