ஆளுக்கு ஒரு ஓவராவது கொடுங்கள்

கூட்டாளிமார் சேர்ந்து ஆடும் சொப்ட்போல் கிரிக்கெட் மெட்ச்சுக்கு எதற்காக வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆள் இறக்க வேண்டும்? பாலமுனையில் இதைக் கேட்டால் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். எண்ட்ரி காசு கட்டியாயிற்றாம், ஜேர்சி அடித்தாயிற்றாம், தோற்றால் மானம் போய்விடுமாம்.

முன்பு அஸர் தொழுதுவிட்டு வருகிறவர்கள், வயலால் வந்தவர்கள், வாடியில் வேலை முடித்தவர்கள் எல்லோரும் கடற்கரையில் கூடுவோம். இரண்டு கெப்டன்மார் மாறிமாறி ஆள் பிரிப்பார்கள். ஒற்றையாக மிஞ்சுகிறவர் இரண்டு பக்கமும் ஆடுவார். கடலுக்குள் அடித்தால் அவுட். ஒரு குத்து விழுந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். சின்னப் பொடியன் என்றால் முதல் பந்தில் அவுட் கிடையாது. நனைந்து கனத்த டென்னிஸ் பந்தை எவ்வளவு பெரிய அடிகாரன் அடித்தாலும் நாலு எட்டுக்கு மேல் போகாது. ஆகவே அவனும் ஓடித்தான் ஓட்டம் எடுக்க வேண்டும். ஆடத் தெரியாதவனும் ஆட வேண்டும் என்பதற்காகவே உண்டான சட்டங்கள் இவை.

இப்போது அப்படி இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருக்கிறார். பந்து அவருக்கு நேரே போகாது, ஆனால் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. விக்கட் தடியைத் தூக்கி வருவதும் அவர்தான். போன முறை கிரவுண்டுக்கு வந்தவரிடம், “காக்கா, நீங்க ஸ்கோர் எழுதுங்க, இந்த முறை வெல்லத்தான் வேணும்” என்று கொப்பியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மனிதர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அவருடைய இடத்தில் பெட் பிடித்தவனுக்கு எங்களில் ஒருவருடைய பெயரும் தெரியாது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கப் யாருக்கு? நமக்கா, கூலிக்கு வந்தவனுக்கா?

கோல்ஃப் பணக்காரர் ஆட்டம் என்கிறோம். நம் கரைப்பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் கூட்டாளிமார் ஆடுவதற்கென்று அவர்களிடம் ஸ்கிராம்பிள் என்றொரு முறை இருக்கிறது. நாலு பேர் ஒரு அணி. நாலு பேரும் அடிப்பார்கள். நல்ல இடத்தில் விழுந்த பந்தைத் தெரிவுசெய்து, அடுத்த அடியை எல்லோரும் அங்கிருந்தே அடிப்பார்கள். மோசமாக அடித்தவன் காட்டுக்குள் பந்து தேடி அலைய வேண்டியதில்லை. பல போட்டிகளில் இன்னொரு விதியும் உண்டு: ஒவ்வொருவருடைய முதல் அடியும் இத்தனை தடவையாவது எடுக்கப்பட வேண்டும். கெட்டிக்காரன் ஒருவனை வைத்துக்கொண்டு மற்றவர்களை மறக்க முடியாது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. உள்ளரங்கக் கிரிக்கெட்டில் அணிக்கு 8 பேர், 16 ஓவர். எட்டுப் பேரும் ஆளுக்கு 2 ஓவர் வீசியே ஆக வேண்டும், சோடி சோடியாக 4 ஓவர் துடுப்பெடுத்தாட வேண்டும். அவுட் ஆனால் 5 ஓட்டம் குறையும், ஆள் வெளியே போவதில்லை. முறையான போட்டிக்கே இப்படிச் சட்டம் இருக்கும்போது, கூட்டாளிமாராக ஆடும் நமக்கு என்ன வந்தது?

பக்கத்து ஒலுவிலில் துறைமுகம் வந்தபின் அதற்கு வடக்கே கரையைக் கடல் அரித்து, தென்னைகளும் காணிகளும் போயின. அங்கே ஆட இடமில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு நியாயம் இருக்கிறது. நமக்குக் கரை இருக்கிறது, பெட்டும் பந்தும் இருக்கிறது, ஆட ஆசைப்படுகிற ஆளும் இருக்கிறார். அவரைக் கொப்பியோடு குந்தவைத்துவிட்டு வெளியாளுக்குக் காசு சேர்க்கிறோம்.

சுற்றுப்போட்டி வைக்கிறவர்களிடம் கேட்கிறேன். ஊர் ஆட்கள் மட்டும் என்று ஒரு வரி போடுங்கள். பெயர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஓவர் கட்டாயம் என்று இன்னொரு வரி. ஸ்கோரை முறை வைத்து எழுதலாம். அடுத்த மெட்ச்சுக்குக் கொப்பியை நான் எடுக்கிறேன். காக்காவுக்குப் பெட்டைக் கொடுங்கள்.