டபுள் கிளிக்கும் குறி சொல்லும் மெக்கானிக்கும்

சில வருடங்களுக்கு முன், ஒரு சீசன் நேரம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று மேலகரம் வந்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். குற்றாலத்தில் ஒரு விடுதியில் கணக்கு பார்ப்பவர்.

“தம்பி, ஃபைலு திறக்கமாட்டேங்கு. ரெண்டு தட்டு தட்டுனா எக்செல் வருது, உள்ள ஒண்ணுமே இல்ல, சாம்பலா நிக்கு. நாந்தான் கெடுத்துட்டேன்னு முதலாளி சொல்லுதாரு. சம்பளத்துல பிடிப்பாராம்.”

மெக்கானிக் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டார். வைரஸ், ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்று சொல்லியிருக்கிறார். குற்றாலக் குறவஞ்சி எழுதிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இது. இங்கே குறி சொல்ல ஆள் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் குறத்தி கையையாவது பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

நான் செய்தது ஒன்றுதான். எக்செல்லைத் தனியாகத் திறந்து, அதன் ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, அதே ஃபைலைத் தேர்ந்தெடுத்தேன். திறந்தது. அறை, அட்வான்ஸ், பாக்கி எல்லாம் அப்படியே இருந்தன. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஃபார்மட் அடித்திருந்தால் அந்த சீசன் கணக்கு மொத்தமும் போயிருக்கும். வேறு நகல் கிடையாது.

நடந்தது இதுதான். ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்யும்போது நாம் ஃபைலைத் திறப்பதில்லை. விண்டோஸிடம் ஒரு வேலை சொல்கிறோம். அது ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்து, இது எக்செல்லுக்கு உரியது என்று முடிவு செய்து, எக்செல்லை எழுப்பி, “இந்த ஃபைலைத் திற” என்று தகவல் அனுப்புகிறது. அந்தத் தகவல் போகிற பழைய வழிக்கு டைனமிக் டேட்டா எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். 1987இல் வந்த ஏற்பாடு. எக்செல்லின் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு பகுதியில், கீழே ஜெனரல் என்ற தலைப்பில், இந்த வழியாக மற்ற மென்பொருள்கள் சொல்வதைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் விழுந்திருந்தது. எக்செல் எழுந்தது, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. டிக்கை எடுத்தேன், முடிந்தது.

எல்லா நேரமும் காரணம் இதுவே அல்ல. ஃபைல் வேறு மென்பொருளோடு இணைந்திருக்கலாம். ரைட் கிளிக் செய்து ஓப்பன் வித் பார்க்கவேண்டும். ஜன்னல் மறைக்கப்பட்டிருக்கலாம், வியூவில் அன்ஹைட் பார்க்கவேண்டும். கூடுதலாகச் சேர்த்த ஆட்-இன் ஏதாவது மறிக்கலாம். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே எக்செல்லைத் தொடங்கினால் அவை இல்லாமல் திறக்கும். ஆனால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உள்ளிருந்து திறந்தால் திறக்கிறதா? திறந்தால் ஃபைல் நலம், வழிதான் கெட்டிருக்கிறது. கதவு இறுகிப்போனதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை.

எனக்குக் கோபம் மெக்கானிக் மேல் இல்லை. என் தொழில் மேல். “திறக்கச் சொன்னார்கள், ஆனால் உன் அமைப்பு தடுக்கிறது” என்று ஒரு வரி காட்ட எத்தனை நாள் வேலை? நாங்கள் அதை எழுதுவதில்லை. பிறகு நாங்களே “யூசர் எரர்” என்று சிரிக்கிறோம். மென்பொருள் மௌனமாக இருந்தால், பழி கீபோர்டில் கை வைத்திருப்பவர் மேல் விழும். அந்தக் கை பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கை.

கார் ஓட்ட எஞ்சின் தெரியவேண்டுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். வேண்டாம். ஆனால் எண்ணெய் குறைந்தால் காரில் விளக்கு எரிகிறதே? டேங்க் என்று ஒன்று இருப்பதாவது ஓட்டுகிறவருக்குத் தெரியுமே? நம் கம்ப்யூட்டர் வகுப்புகள் டபுள் கிளிக்கை மந்திரம்போலச் சொல்லிக்கொடுக்கின்றன. மந்திரம் பலிக்காவிட்டால் சொன்னவர் வாய்தான் குற்றம்.

இது சின்ன ஊரின் அறியாமை என்று நினைக்கவேண்டாம். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைதான் கொள்ளும். மிஞ்சியது சத்தமில்லாமல் உதிர்ந்தது. அங்கே பொது சுகாதாரத் துறை, இங்கே விடுதிக் கணக்கு. இரண்டிலும் இயந்திரம் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு வேண்டியது இரண்டு. மென்பொருள் எழுதுகிற நாம், தோற்கும்போது வாய்விட்டுத் தோற்கவேண்டும். சொல்லிக்கொடுக்கிறவர்கள், ஃபைல் வேறு, அதைத் திறக்கும் கருவி வேறு என்று முதல் நாளே சொல்லவேண்டும். அந்த ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் அக்கா எங்கள் வாசலுக்கு வந்திருக்கவே வேண்டாம்.

போன மாதம் ஊருக்குப் போனபோது கேட்டேன், முதலாளி வருத்தம் தெரிவித்தாரா என்று.

அக்கா சிரித்தார். “சரியாயிட்டுல்லா, பொறவு என்னன்னுட்டாரு.”