மறதி நோய்: மருத்துவமனைக்குக் காப்பீடு உண்டு; வீட்டுக்கு?

புதுதில்லி: நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேர் "டிமென்ஷியா" எனப்படும் மறதி நோயுடன் வாழ்கின்றனர். தில்லி எய்ம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் பங்கேற்று 2023-இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு இது. முதியோரில் இவர்களின் விகிதம் 7.4 சதவீதம். 2036-இல் இந்த எண்ணிக்கை 1.69 கோடியை எட்டக்கூடும் என்றும் அந்த ஆய்வு கணித்துள்ளது.

வயதானால் மறதி இயல்புதானே என்று ஒதுக்கிவிடுவதால்தான் நோய் வெளியே தெரிவதில்லை. பெயரை மறந்து, சற்று நேரத்தில் நினைவுகூர்வது முதுமையின் இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுவதும், பணத்தை எண்ணத் தடுமாறுவதும், பெற்ற பிள்ளையை அடையாளம் காணாததும் நோயின் அறிகுறிகள். இதில் பரவலானது அல்சைமர் வகை.

கிராமப்புறப் பெண்களே அதிகம்

ஆண்களில் 5.8 சதவீதமாக உள்ள பாதிப்பு, பெண்களில் 9 சதவீதம். நகரங்களில் 5.3 சதவீதம், கிராமங்களில் 8.4 சதவீதம். இளமையில் கல்வி மறுக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். நோயாளிகள் அதிகம் இருப்பது கிராமங்களில். நரம்பியல் மருத்துவர்கள் இருப்பதோ பெருநகரங்களில்.

மத்திய அரசு முதியோரை மறந்துவிடவில்லை. முதியோர் நல மருத்துவத்துக்கான தேசியத் திட்டம் 2010-11-இல் தொடங்கியது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான காப்பீடு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், இது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மறதி நோயாளிக்குத் தேவையோ பல ஆண்டுகள் நீளும் வீட்டுப் பராமரிப்பு. அந்தச் சுமையைப் பெரும்பாலும் மனைவியோ, மகளோ, மருமகளோ ஊதியமின்றிச் சுமக்கின்றனர். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு மத்திய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு மாதம் ரூ.200, 80 வயதுக்கு மேல் ரூ.500. ஒரு பணியாளரை ஒரு நாள் அமர்த்தவே இது போதாது.

சட்டத்தில் வெற்றிடம்

சட்டமும் துணைக்கு வரவில்லை. பெற்றோரைப் பராமரிக்க மறுக்கும் பிள்ளைகளுக்காக 2007-இல் சட்டம் வந்தது. பராமரிக்க முன்வரும் பிள்ளைகளுக்கு அதில் உதவி ஏதுமில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை குறித்து முடிவெடுக்க ஒரு பிரதிநிதியை நியமிக்க வகை செய்கிறது. சொத்தை நிர்வகிக்க வழி சொல்லவில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பட்டியலிலும் மறதி நோய் இல்லை. கையொப்பமிட இயலாத தந்தையின் வங்கிப் பணத்தை அவரது செலவுக்கே எடுப்பதற்குக் கூட மகன் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.

மறதி நோய்க்குத் தேசியத் திட்டம் வகுக்குமாறு உலக சுகாதார அமைப்பு 2017-இல் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முன்பே, 2014-இல், கேரளம் தனித் திட்டம் தொடங்கி வழிகாட்டியது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, செவித்திறன் குறைவு உள்ளிட்ட 14 காரணிகளைக் கட்டுப்படுத்தினால் ஏறத்தாழ 45 சதவீத பாதிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என "லான்செட்" குழு 2024-இல் தெரிவித்தது. இவற்றில் பல ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டறியக் கூடியவை.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று மத்திய அரசும், நிதி இல்லை என்று மாநிலங்களும் கைகாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. பகல்நேரப் பராமரிப்பு மையம், பராமரிப்போருக்கு உதவித்தொகை, எளிய பாதுகாவலர் சட்டம் ஆகிய மூன்றும் உடனடித் தேவைகள். தங்களுக்காகக் குரல் எழுப்ப இயலாத வாக்காளர்கள் இவர்கள். அதனாலேயே நாடாளுமன்றத்தின் பொறுப்பு கூடுகிறது.