வெள்ளிக்கிழமை மாத்திரை

வீராம்பட்டினத்தில் வெள்ளிக்கிழமைக்குத் தனி மதிப்பு உண்டு. ஆடி வெள்ளியென்றால் செங்கழுநீர் அம்மன் தேரைக் காண ஜனங்கள் வெள்ளமாய்த் திரண்டுவிடுவர். அவ்வூரில் நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் ஆயாவுக்கோ, மூட்டுவாத மாத்திரைக்கு விதிக்கப்பட்ட ஒரே தினமும் அதுவே. "தினம் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகாதா, ஸார்? ஆயா நாளையிலிருந்து அப்படித்தான் செய்யப்போகிறதாம்" என்று பையன் கேட்டபோது நமக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாத்திரையின் பெயர் மெதோட்ரெக்ஸேட். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. ஏட்டைப் பிரதி எடுக்கிறது. அதற்கு வேண்டிய நான்கு எழுத்துக்களில் தைமினை வார்க்கும்போது ஃபோலிக் அமிலத்தின் ஒரு வடிவம் செலவாகிறது. அதைப் புதுப்பித்துத் தருவது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் என்ஸைம். இதற்குரிய ஜீன் நமது ஐந்தாவது குரோமோஸோமில் ஏறத்தாழ 30,000 எழுத்து நீளம் பரந்து கிடக்கிறது. என்ஸைமை விவரிக்கும் செய்தியோ 600 எழுத்துக்கும் குறைவு. அதுவும் ஆறு துண்டுகளாக! எந்தப் பத்திராதிபரும் இதைப் பொறுக்கமாட்டார். ஆனால் கட்டுப்பாடு வெகு நுட்பம். பிரதி எடுக்கும் தருணம் நெருங்கும்போதுதான் ஜீன் சுறுசுறுப்படைகிறது. என்ஸைம் போதிய அளவு சேர்ந்ததும், தன்னை உண்டாக்கும் தூது ஆர்.என்.ஏ.யின் மீதே அமர்ந்து மேற்கொண்டு உற்பத்தியைத் தடுக்கிறது. மெதோட்ரெக்ஸேட் இந்த என்ஸைமைக் கவ்விக்கொண்டால் பிரதி வேலை முடங்கும். இதற்கும் தந்திரம் கண்ட அணுக்கள் உண்டு: 1978-இல் அமெரிக்காவில் ஷிம்கேயும் சகாக்களும் ஆராய்ந்த சுண்டெலி அணுக்கள், அந்த ஜீனையே பன்மடங்கு பெருக்கி வைத்திருந்தன.

இம்மருந்துக் குடும்பத்தின் பிறப்பில் நம் நாட்டவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை வைத்தியக் கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடையாமல் எல்.எம்.எஸ். உடன் வெளியேறியவர். அமெரிக்காவில் அவர் குழு தயாரித்த அமினோப்டெரினை, ஃபார்பர் என்னும் டாக்டர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில காலமேனும் நோய் தணிந்ததை அவர் 1948-இல் வெளியிட்டார். சுப்பாராவ் காலமானதும் அவ்வாண்டே. அந்த அமினோப்டெரினின் தம்பிதான் மெதோட்ரெக்ஸேட்.

எலும்பு மஜ்ஜையும் வாயும் குடலும் ஓயாமல் புது அணுக்களைப் பிறப்பிப்பவை. வாரத்துக்கு ஒருமுறை என்று டாக்டர் விதித்ததைத் தினம் விழுங்கினால் முதலில் தவிப்பவை அவையே. வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து நேர்ந்ததுண்டு.

அன்று மாலையே அவ்வீட்டுக்குச் சென்றோம். அட்டை பிரிபடவில்லை. பெட்டியின்மேல் 'வெள்ளி மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதினோம்; ஆயாவுக்கு வாசிக்கத் தெரியாதென்பது பிறகே நினைவு வந்தது! மாத்திரைகளைப் பேரனே வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போய்வந்தபின் டாக்டர் சொன்ன அளவை எடுத்துக் கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று.