துப்பட்டா வேண்டாம், கிட்டார் கொடுங்கள்

தீக்காயத் தழும்போடு வளரும் பெண்பிள்ளைக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் புத்திமதி துப்பட்டாவைப் பற்றியது. இழுத்து விட்டுக்கோ, அந்தப் பக்கமா போட்டுக்கோ, போட்டோ எடுக்கறப்ப இந்தப் பக்கம் திரும்பி நில்லு. பையனாக இருந்தால் முழுக்கைச் சட்டை. சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த அன்பு ஒரு பிள்ளையை எத்தனை வருடம் வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரியும். எட்டு வயதில் பம்ப் ஸ்டவ் வெடித்து என் இடது கன்னம், கழுத்து, இடது கை மூன்றும் வெந்தன. இன்று நாற்பதைத் தாண்டிவிட்டேன். அந்த வீட்டுக்குள்ளிருந்து என்னை வெளியே இழுத்துவந்தது, காதைப் பிளக்கிற சத்தம் போட்ட ஒரு பங்க் இசைக்குழு. நடந்தது போர்ட் பிளேரில். 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கிற அதே ஊரில்.

பங்க் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கத்தரித்து நிறுத்திய தலைமுடியும் கிழிந்த சட்டையும்தான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதில் உண்டு. 1974-ல் நியூயார்க்கில் ராமோன்ஸ் குழுவும், அடுத்த இரண்டொரு ஆண்டில் லண்டன் இளைஞர்களும் தொடங்கிய அந்த இசைக்கு முறையான பயிற்சி தேவைப்படவில்லை. கிட்டாரில் மூன்று கார்டு, அதாவது சுரக்கூட்டு, தெரிந்தால் போதும், குழு ஆரம்பித்துவிடலாம். ராமோன்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு; எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அரை மணி நேரம். அழகாக இருந்தால்தான் மேடை என்ற கட்டுப்பாடும் அங்கே உடைந்தது. சோமாலியத் தந்தைக்கும் பிரிட்டிஷ் தாய்க்கும் பிறந்த பாலி ஸ்டைரின், 1976-ல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்துக் குழு அமைத்தபோது அவருக்கு வயது 19. பல்லில் கம்பி கட்டியிருந்தார். அந்தக் கம்பி தெரிய வாயைத் திறந்து பாடினார்.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களிடம் இருந்தது ஒரு கேசட். கடற்படை அதிகாரி ஒருவரின் மகன் கொண்டுவந்தது. அப்பாவுக்கு மாற்றல் வந்ததும் அவன் போய்விட்டான், கேசட் தங்கிவிட்டது. அந்தமானில் பிள்ளைகளின் நட்பு இப்படித்தான்: பாதிப் பேர் கப்பலேறிப் போய்க்கொண்டே இருப்பார்கள், மீதிப் பேர் ஐந்து மொழி வீடுகளிலிருந்து வந்து ஒரே இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். என் அப்பா ராமநாதபுரத்துக்காரர், கட்டட வேலைக்கு வந்தவர். எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவள் ராஞ்சிக்காரர்களின் பஸ்தியைச் சேர்ந்தவள். டிரம்ஸ் ஒரு வங்காளிப் பையன். முதல் கிட்டார் கார் நிக்கோபாரிலிருந்து படிக்க வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவன். தேவாலயப் பாட்டுக் குழுவில் வளர்ந்த நிக்கோபாரிப் பிள்ளைகளுக்கு கிட்டாரைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும். மூட்டு இருக்கும் இடத்தில் சுருங்கினால் விரல் மடங்கி அப்படியே நின்றுவிடும். என் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றும் உள்ளங்கையைப் பார்த்தே இருக்கின்றன. வீணைக்கு அந்தக் கை வளையவில்லை. சாதாரண கிட்டார் கார்டுகளுக்கும் போதவில்லை. குழுவில் கைதட்டுகிற வேலை போதும் என்றுதான் போய் உட்கார்ந்தேன். நிக்கோபாரி நண்பன் என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கிட்டாரின் மேலே இருக்கிற தடித்த கம்பியை ஒரு சுரம் இறக்கினான். அப்படி இறக்கிவிட்டால் மேல் மூன்று கம்பிகளையும் ஒரே விரலைப் படுக்கவைத்து அழுத்தலாம். முழு பவர் கார்டு வந்துவிடும். அந்த விரலை அப்படியே மேலும் கீழும் நகர்த்தினால் பாட்டு. "இந்த விரல் நல்லாத்தானே இருக்கு, இதை வெச்சு வாசி" என்றான். ஆறுதல் சொல்கிற குரல் அதில் இல்லை. இன்னொரு கிட்டார் தேவைப்பட்டது, அதற்கு வழி பார்த்தான், அவ்வளவுதான். அதுவரை என் கையை எதற்காவது பொருத்தமாக மாற்றத்தான் எல்லோரும் முயன்றார்கள். என் கைக்காக ஒரு வாத்தியத்தை மாற்றிய முதல் ஆள் அவன்.

இதே வழியில் எனக்கு முன்பே பலர் நடந்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1928 நவம்பரில் பாரிஸுக்கு அருகே, மனைவி விற்பதற்காகச் செய்துவைத்திருந்த செயற்கைப் பூக்களில் தீப்பற்றி, ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ரோமானி இளைஞர் தன் வண்டிவீட்டுக்குள்ளேயே வெந்தார். வயது 18. இடது கையில் எனக்குப் போன அதே இரண்டு விரல்கள் அவருக்கும் போயின. மீதி விரல்களை வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஜாஸ் கிட்டாருக்கே புதுப் பாதை போட்டார். 1965-ல் பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 17 வயது டோனி ஐயோமி, இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்து, இனி கிட்டார் இல்லை என்று உடைந்துபோனார். அந்தத் தொழிற்சாலை மேலாளர் அவருக்கு ஜாங்கோவின் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். ஐயோமி பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலை உருக்கி விரல் நுனி செய்துகொண்டார். பின்னாளில் விரலுக்கு வலிக்காமலிருக்கக் கம்பியையும் தளர்த்தினார். பிளாக் சாபத் குழுவின் அந்தக் கனத்த ஒலி அங்கிருந்துதான் வந்தது. எனக்கு இந்தக் கதையில் ஐயோமியைவிட அந்த மேலாளரைப் பிடிக்கும். சரியான நேரத்தில் சரியான பொருளைக் கையில் கொடுத்தவர் அவர்.

எங்கள் குழு பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஒரு வீட்டின் பின்னால் தகரக் கொட்டகையில், சவுண்ட் சர்வீஸ்காரர் ஓரங்கட்டிய ஆம்ப்ளியை வைத்து வாசித்தோம். மழைக்காலத்தில் தகரத்தின் மேல் விழும் மழைக்குப் போட்டியாக வாசிக்க வேண்டியிருந்தது. பேஸ் வாசித்தவள் ஒருநாள் என் கழுத்தைக் காட்டி, "வேர்த்தா அங்க அரிக்குமா?" என்று கேட்டாள். அதற்கு முன் என்னிடம் எல்லோரும் கேட்ட கேள்வி "எப்படி ஆச்சு?" என்பது ஒன்றுதான். அந்தக் கேள்வி அவர்களுடைய ஆவலுக்காக. இவள் கேட்டது எனக்காக. அரிக்கும் என்றேன். மறுநாளிலிருந்து மின்விசிறிக்கு நேராக இருந்த இடம் என்னுடையது. நட்பு என்றால் எனக்கு இன்றும் நினைவு வருவது இந்த மாதிரிச் சின்ன ஏற்பாடுகள்தான்.

எங்கள் ஊரின் ஜங்லிகாட் பகுதியில் ஒரு புத்தாண்டு இரவில் தார்பாய் மேடையில் ஏறினோம். வேர்வையில் துப்பட்டா கம்பியில் சிக்கியது, கழற்றி ஆம்ப்ளி மேல் போட்டேன். கூட்டம் என்னைப் பார்த்தது. எட்டு வயதிலிருந்து பார்வைகளுக்குப் பழகியவள் நான்; எந்தப் பார்வை எதற்கு என்று எனக்குத் தெரியும். அன்று அவர்கள் பார்த்தது என் சத்தத்தை. சில பேருக்குப் பிடிக்கவே இல்லை, நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். அதுவும் என் வாசிப்பைப் பற்றிய கோபம், என் கன்னத்தைப் பற்றியது இல்லை. எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

இன்றைய பிள்ளைகளின் நிலைமை எங்களுடையதைவிட எளிதாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு தீவுகளில் இணையம் ஓடத் தொடங்கியது. நல்லதுதான். கூடவே, முகத்தை வழவழப்பாக்கிக் காட்டும் ஃபில்டரும் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் வந்துவிட்டது. நம் சினிமாவில் வில்லனுக்கு இன்னமும் கன்னத்தில் வெட்டுத் தழும்பு வரைகிறார்கள். 2015-ல் வந்த ஷங்கரின் 'ஐ' படத்தில் எதிரிகளுக்குத் தரும் தண்டனையே உருவத்தைச் சிதைப்பதுதான். கொல்வதைவிடக் கொடியது அது என்று கதாநாயகன் நம்புகிறான், அரங்கமும் கைதட்டியது. அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் தீக்காயப் பிள்ளையின் நெஞ்சில் அந்தக் கைதட்டல் எப்படி இறங்கும்? 2018-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட், முகத்தழும்பைத் தீமையின் அடையாளமாகக் காட்டும் படங்களுக்குப் பணம் தரமாட்டோம் என்று அறிவித்தது. தமிழ்த் திரையுலகம் அந்தப் பேச்சையே இன்னும் எடுக்கவில்லை.

சட்டமும் பாதி வழியில் நிற்கிறது. அமில வீச்சில் உருச்சிதைந்தவர்களை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சேர்த்துக்கொண்டது; நியாயம். அடுப்பிலும் கொதிக்கும் எண்ணெயிலும் வெந்த பிள்ளையின் முகம் அந்தப் பட்டியலில் இல்லை. விரல் மடங்கியதற்குச் சான்றிதழ் கேட்கலாம். கன்னத்துக்குக் கேட்க முடியாது.

மருத்துவம் தன் வேலையைச் செய்கிறது. தொலைதூரத் தீவுகளிலிருந்து கப்பலில் எங்கள் ஊர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். நான் சிறுமியாக மூன்று நாள் கப்பலில் சென்னை போய்க் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் கிடந்தவள். அங்கே தோலை ஒட்டினார்கள், உயிரைக் காப்பாற்றினார்கள். ஊர் திரும்பிய பிறகு, பதிமூன்று பதினான்கு வயதில் கண்ணாடி முன்னால் நிற்கும் பிள்ளைக்கு என்ன செய்வது என்பது எந்த டிஸ்சார்ஜ் சீட்டிலும் எழுதியிருப்பதில்லை. தழும்பை அழுத்திவைக்கும் பிரஷர் கார்மென்ட்டை ஒரு நாளில் 23 மணி நேரம் போட்டிருக்கச் சொல்கிறார்கள். அந்தமான் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை எந்தக் கூட்டத்தில் போய் உட்காரும்?

உட்கார ஒரு கூட்டத்தை நாம் உண்டாக்கலாம். பின்லாந்தில் செய்தார்கள். ஹெல்சின்கியில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒரு பயிலரங்கில் 2009-ல் நான்கு பேர் சேர்ந்து ஒரு பங்க் குழு தொடங்கினார்கள். பெயர் பெர்ட்டி குரிகன் நிமிபாய்வாட். சாப்பாட்டிலிருந்து தூக்கம் வரை மற்றவர்கள் தங்களுக்குப் போடும் கட்டளைகளைப் பற்றி ஒன்றரை நிமிடம்கூட நீளாத ஒரு பாட்டு எழுதினார்கள். 2015-ல் வியன்னாவில் நடந்த யூரோவிஷன் போட்டிக்குத் தன் நாட்டின் சார்பாக பின்லாந்து அவர்களைத்தான் அனுப்பியது. அரையிறுதியைத் தாண்டவில்லை. ஆனால் நாடே அவர்களின் கோபத்தைக் கேட்டது. அதற்கு முதலில் தேவைப்பட்டது ஓர் அறை, சில வாத்தியங்கள், கதவைத் திறந்துவைத்த ஓர் ஊழியர்.

கூச்சல் நம் பண்பாடா என்று கேட்பவர்களுக்கு: பறையும் கானாவும் யாருடையவை? 2018 ஜனவரியில் அதே கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது, கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து ஒதுக்கப்பட்டவர்களின் கோபம் தமிழில்தான் ஒலித்தது. கேட்க வந்த கூட்டமும் தமிழ்க் கூட்டம்தான்.

தீவுகளின் கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிய திட்டமல்ல. பள்ளிகளில் டிரம் இருக்கிறது, சில இடங்களில் கீபோர்டும் கிட்டாரும் இருக்கின்றன. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் வெளியே வந்துவிட்டு மீதி நாள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை அந்த அறையைத் திறந்துவையுங்கள். வாத்தியார் வேண்டாம், போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். எந்தப் பள்ளிப் பிள்ளையும் வரலாம் என்று மட்டும் எழுதி ஒட்டுங்கள். தீக்காயத்துக்குச் சிகிச்சை முடித்து அனுப்பும் மருத்துவர்கள் மருந்துச் சீட்டோடு அந்த அறையின் முகவரியையும் கொடுக்கட்டும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பாட்டுக் குழுவில் சேரப் போகிறேன் என்று சொன்னால், துப்பட்டாவைச் சரிசெய்யாமல் அப்படியே அனுப்பிவையுங்கள்.